அறுத்தெறிந்த ஏழு பூக்கள்

ஐப்பசி மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையன்று காலை எட்டு மணி அளவில், கொல்லிமலையின் ஓடைக்கரை ஒன்றில், கொட்டும் மழையில் நின்றுகொண்டு, நான் ஏழு செங்காந்தள் பூக்களைப் பேனாக்கத்தியால் அறுத்தேன். முதலில் அவற்றைப் படம் எடுத்தேன், பின்னர் அறுத்தேன். இவ்வரிசையை நான் முன்னரே தீர்மானித்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

படம் எடுப்பதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மழையில் பூவைப் படம் எடுப்பது எளிய செயல் அன்று. கேமராவின்மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டி, முக்காலியின் காலோடு ஒரு குடையைக் கட்டி, பூவுக்குப் பின்னால் மற்றொரு கறுப்புக் குடையை விரித்து வைத்தேன். கறுப்புத் துணியின் முன்னால்தான் மழைத்தாரைகள் வெள்ளை நூல்களாகத் தெரியும். பூக்களின் அடிப்பகுதி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் இருந்தன. இதழ்கள் யாவும் மேல்நோக்கி வளைந்து, ஓரங்கள் நெளிந்து, ஈரத்திலும் எரிவன போல் தோன்றின. பக்கவாட்டில் ஓடை வெண்மையாக வழிந்தது. ஒரே ஓர் இடையூறு இருந்தது. அதே புதரின்மேல் காட்டுவள்ளிக் கொடி ஒன்றும் பின்னிப் படர்ந்திருந்தது. வேகவைத்து உண்ணத்தக்க கிழங்கு உடைய கொடி அது. வெற்றிலையைப் போன்ற அதன் இலைகள் படத்திற்குள் புகுந்துகொண்டே இருந்தன. அவற்றை ஒருபுறமாக ஒதுக்கி, வெள்ளை நூலால் கிளையோடு கட்டினேன்.

படம் நிறைவாக அமைந்ததும் ஏழு பூக்களையும் அறுத்தேன். அத்தோடு நில்லாமல், மொட்டுகள் நிறைந்த நுனிக்கொடியையும் இழுத்து அறுத்து, எல்லாவற்றையும் ஓடையில் எறிந்தேன். வெள்ளம் அவற்றை உடனே கொண்டுபோயிற்று. புதரின்மேல் வள்ளியிலை மட்டும் எஞ்சியது.

இவ்வழக்கம் என்னுடைய கண்டுபிடிப்பு அன்று. சேலத்தில் எங்களுக்கு ஒரு புகைப்படக் குழு உண்டு. மருத்துவர்கள், வங்கி அதிகாரிகள், கல்லூரி ஆசிரியர்கள் என முப்பது உறுப்பினர்கள். மழைக்காலம் தொடங்கியதும் மலையேறிக் காட்டுப்பூக்களையும் ஓடைகளையும் அருவிகளையும் எடுப்பார்கள். ஆண்டின் இறுதியில் பன்னிரண்டு படங்கள் கொண்ட நாட்காட்டி ஒன்று அச்சாகும். ஒரு பூவுக்கு ஒரு படம்தான் என்பது அதன் விதி. ஆகவே, அரிய பூ ஒன்றைக் கண்டவர், தாம் எடுத்தபின் அதன் இதழைக் கிள்ளிவிட்டு வருவதுண்டு. "ஃபிரேமை மூடிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

என்னைப் பற்றியும் கூற வேண்டும். என் பெயர் வெங்கடாசலம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். ஒடிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் பாறையைத் துளைத்த புழுதி இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. நாற்பத்தோராம் வயதில் மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறினேன். இப்போது சேந்தமங்கலத்தில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். குழுவினர் தம் படங்களுக்கு ஆங்கிலத்தில் பெயர் எழுதுவார்கள். நான் ஒருவனே தூய தமிழில் நான்கு வரிகள் எழுதுகிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. எனினும் முந்தைய ஆண்டு, நான் கண்டுபிடித்த அருவியை, நான் காட்டிய பாறையிலேயே நின்று, என்னுடையதைவிடப் பெரிய லென்ஸால் எடுத்த அறிவு என்பவரின் படமே நாட்காட்டியில் வந்தது. அவர் பொறியியல் கல்லூரி ஆசிரியர்.

அன்று மலையிறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அவருடைய கார் எதிரே வந்து நின்றது.

"ஏனுங்க ரிக்கண்ணா, இத்தன மழையில எங்க ஓட்ட போட்டுட்டு வாரீங்க?"

"சும்மாதானுங்க சார். ஓடைல தண்ணி நெறையாப் போவுதுங்க."

"பூவு கீவு?"

"ஒண்ணுங் காணமுங்க. நீங்க அருவிக்கே போயிருங்க சார்."

அவர் நன்றி கூறிவிட்டுச் சென்றார். நான் தலைக்கவசத்திற்குள் சிரித்துக்கொண்டு இறங்கினேன்.

புதன்கிழமை காலை உதவி ஆய்வாளர் அன்புச்செல்வியிடமிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் பகுதியில் ஐயத்திற்குரிய மரணம் ஏதேனும் நிகழ்ந்தால், பிணத்தையும் இடத்தையும் படம் எடுக்கக் காவல் துறையினர் என்னைத்தான் அழைப்பது வழக்கம். கிணற்றில் விழுந்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள், தூக்கில் தொங்கியவர்கள் என நூற்றுக்கு மேற்பட்டோரை எடுத்திருக்கிறேன்.

மருத்துவமனைப் பிணவறையில் கிடந்தவன் பெயர் சடையன். நாற்பது வயது இருக்கும். அவனும் அவன் மனைவி அத்தாயியும் கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் வேலைக்காக மலைக்கு வந்தவர்கள். மழையால் ஐந்து நாட்களாக வேலை நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை அத்தாயி ஓடைப்பக்கம் போய்க் காட்டுக்கிழங்கு தோண்டிவந்து வேகவைத்தாள். சடையன் முதலில் வயிறாரத் தின்றான். சட்டியில் மிஞ்சியதை அவள் தின்றாள். மாலையில் இருவருக்கும் வாந்தியும் பேதியும் கண்டன. செவ்வாய் இரவு அவன் இறந்தான். அவள் அதே மருத்துவமனையின் மாடியில் உயிரோடு கிடந்தாள். சட்டியில் ஒட்டியிருந்த கிழங்கைச் சோதித்த மருத்துவர்கள், அதில் கண்வலிக்கிழங்கு கலந்திருந்தது என்றார்கள்.

செங்காந்தளை எங்கள் பக்கத்தில் கண்வலிப்பூ என்றே சொல்வார்கள். அதன் கிழங்கு கொடிய நஞ்சு.

பிணத்தின் முகத்தை நான்கு புறமும் எடுத்தேன். கண்வலிக்கிழங்கு மலையெங்கும் இருக்கிறது, ஓடைகளும் பல இருக்கின்றன என்று எனக்கு நானே விளக்கம் கூறிக்கொண்டேன்.

பிற்பகலில் உதவி ஆய்வாளரின் ஜீப்பில் மலையேறினோம். கிழங்கு தோண்டிய இடத்தைக் காட்டுவதற்கு, அவர்கள் வேலை செய்த தோட்டத்தின் உரிமையாளர் வசந்தாமணி முன்னால் நடந்தார். மழைக்காகச் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார். மூன்றாவது திருப்பத்திலேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது. அதன்பின் ஒவ்வோர் அடியிலும் அவர் வேறு பக்கம் திரும்பிவிட மாட்டாரா என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

அதே புதர்தான். ஓடை பெருகிக் கரையின் ஒரு பாதியைக் கரைத்துக்கொண்டு போயிருந்தது. புதரின் அடியில் கடப்பாரையால் தோண்டிய குழியின் ஓரம் மட்டும் எஞ்சி, அதில் செந்நீர் தேங்கியிருந்தது. வேரோ தண்டோ எதுவும் மிச்சமில்லை.

"இங்கதானுங்க தோண்டுனா. கெழங்கோட வாரப்ப நாங் கூப்புட்டுக் கேட்டதுக்கு, இந்தப் பொதர்ல தோண்டுன வள்ளிக்கெழங்கு அக்கான்னா" என்றார் வசந்தாமணி.

"கண்வலிச் செடி எங்கீங்க?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார்.

"அதானுங்க எனக்கும் வெளங்கல. ஒரு வாரமா மழைக்கு நான் இந்தப் பக்கம் வல்லீங்க. ஆனா அந்தப் பூவு இருந்தா அத்தந்தூரத்துக்குத் தெரியுமே. இப்பப் பாருங்க, ஒண்ணுகூட இல்ல."

"அப்ப அந்தக் கெழங்கு எங்கிருந்து வந்துச்சு?"

"அத அவளத்தான் கேக்கோணும். நான் என்னத்தக் கண்டேன்? புருசன் குடிச்சுப்போட்டு அடிப்பான். போன வாரம், தின்னுட்டுச் செத்துத் தொலைன்னு அவ கத்துனது ரோடு முட்டும் கேட்டுது."

உதவி ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். சடையனின் தம்பியும் அண்ணிதான் நஞ்சு வைத்தாள் என்று எழுதிக் கொடுத்திருந்தான். பிறகு அவர் என்னை நோக்கித் திரும்பினார்.

"அண்ணா, நீங்கதான் வருசமெல்லாம் இந்த மலையச் சுத்தறீங்களே. இங்க அந்தப் பூவப் பாத்திருக்கீங்களா?"

"மழையிங்க மேடம்" என்றேன். "சரியா நெனப்பில்லீங்க."

அப்போதுதான் அந்த நூலைக் கண்டேன். வள்ளியிலைகளை ஒதுக்கி நான் கட்டிய வெள்ளை நூல், கிளையில் அப்படியே இருந்தது. மற்றவர்கள் குழியை நோக்கிக் குனிந்தபோது அதைப் பிரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மூன்று முடிச்சுகள் போட்டிருந்தேன். ஈரத்தில் அவை இறுகிப்போயிருந்தன. நகத்தால் பிரிக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னர் குழியைப் படம் எடுத்தேன். மழைத்துளி லென்ஸில் விழாதவாறு குடையைச் சாய்த்துப் பிடித்து, ஆழம் தெரிவதற்காக ஓர் அளவுகோலையும் அருகில் வைத்தேன். அப்படங்கள் குறையின்றி அமைந்தன.

அடுத்த பல நாட்கள் நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யாமல் இருப்பதற்கு வேண்டிய காரணங்களை ஒழுங்காக அமைத்துக்கொண்டேன். நான் நஞ்சு வைக்கவில்லை. நான் கிழங்கைத் தொடவில்லை. பூப் பறிப்பது எந்தச் சட்டத்திலும் கொலை ஆகாது. தோண்டியவள் பார்த்துத் தோண்டியிருக்க வேண்டும். கிழங்கு பிடுங்குவதே தொழிலாக உடையவளுக்கு எது எந்தக் கிழங்கு என்று தெரியாதா? இக்காரணங்கள் யாவும் பகலில் உறுதியாக நின்றன. ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க வந்தவர்கள், புருசனுக்கு விஷம் வைத்த மலைக்காட்டுப் பொம்பளையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நான் அவர்களுடைய தாடையை நிமிர்த்தி, தோளை நேராக்கி, படம் எடுத்து அனுப்பினேன்.

பத்தாம் நாள் மாலையில், நாட்காட்டிக்குப் படம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் என்று குழுவிலிருந்து நினைவூட்டல் வந்தது. கணினியில் அப்படத்தைத் திறந்தேன். திரை முழுவதும் ஏழு பூக்களும் நின்றன. நான் இதுவரை எடுத்தவற்றுள் மிகச் சிறந்த படம் அதுவே. அவ்வேளையில் என் மனைவி சென்னியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். திரையைக் கண்டதும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் கண்ணை மூடினாள்.

"அய்யோ சாமி, கண்வலிப்பூவு! மூடுங்க மொதல்ல."

"படம் புள்ள இது. படத்தப் பாத்தாக் கண்ணு வலிக்குமா?"

"படமோ என்னமோ. சின்னதுல எங்கூட்டு வேலில ஒண்ணு மொளைச்சுது. அது வாடற முட்டும் எங்கம்மா அந்தப் பக்கமே எங்கள உடமாட்டா. ஆடு மேய்க்கறவகூட அந்தப் பூவக் கண்டா ஆட்டத் திருப்பிக்குவா. இத எதுக்குங்க போய் எடுத்தீங்க?"

அவள் காப்பியை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்க்காமலே சென்றாள். நான் அந்தக் காப்பியைக் குடிக்கவில்லை. படிப்பறிவு உள்ளவர்களாகிய நாங்கள் பார்த்தால் கண்வலி வரும் என்பதை மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரிப்போம். ஆனால் அம்மூடநம்பிக்கைதான் இத்தனை காலமும் அந்தக் கிழங்கின் அருகே ஒருவரையும் போகவிடாமல் தடுத்து வந்திருக்கிறது. பூ இருக்கும் புதரில் எந்தப் பெண்ணும் கை வைக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அத்தாயி அங்கே வந்தபோது பூ இல்லை. வள்ளியிலை மட்டும் இருந்தது. அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். பார்ப்பதற்கு உரியதை நான் அகற்றியிருந்தேன்.

குழுவுக்குப் படத்தை அனுப்பவில்லை. ஒரு பெரிய பிரதி எடுத்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் உதவி ஆய்வாளரை அழைத்தேன்.

"நல்லதாப் போச்சுங்கண்ணா. நான் ஆஸ்பத்திரிலதான் இருக்கறேன். கேமராவோட வாங்க. அந்தப் பொம்பளையையும் ஒரு போட்டோ எடுக்கோணும்" என்றார் அவர்.

பெண்கள் பிரிவின் கடைசிக் கட்டிலில் அத்தாயி உட்கார்ந்திருந்தாள். அருகில் ஒரு பெண் காவலர் ஸ்டூலில் அமர்ந்து செல்பேசி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தாயிக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. உதடுகள் வெடித்துப் புண்ணாகியிருந்தன. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சன்னல் ஓரத்துக் கட்டில்களைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருந்தார்கள். உதவி ஆய்வாளர் வழக்குக் கோப்பை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"திரும்பவும் அதையேதான் சொல்றா" என்றார் அவர் என்னிடம். "பூ இல்ல, பூ இல்லன்னு."

"சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார்" என்று அத்தாயி என்னை நோக்கினாள். யார் வந்தாலும் அவள் இதையே சொல்லியிருப்பாள் என்பது அக்குரலில் தெரிந்தது. "அந்தப் பூவு இருந்திருந்தா நான் அந்தாண்ட போயிருப்பனா? எனுக்குத் தெரியாதா? நானும்தானே சார் தின்னேன்."

நான் உறையிலிருந்து படத்தை எடுத்து உதவி ஆய்வாளரிடம் கொடுத்தேன்.

"மேடம், இது அந்த எடந்தானுங்க. அந்தச் சனிக்கெழம காலைல எடுத்தேன். தேதி, நேரம் எல்லாம் கேமரால இருக்குதுங்க."

அவர் நெடுநேரம் பார்த்தார். ஓடையையும் பாறையையும் விரலால் தொட்டு அடையாளம் கண்டார். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் முகம் தெளிந்தது.

"அன்னிக்கு நெனப்பில்லைன்னீங்க?"

"பயந்துட்டேனுங்க."

"பரவால்ல உடுங்க. இது போதும். இத்தன நாளா அந்தக் கெழங்க எங்கிருந்தோ கொண்டாந்திருக்கறான்னு நெனச்சு மலையெல்லாம் தேடிட்டிருந்தோம். அங்கியேதான் இருந்திருக்குது. ஏழு பூவு, இத்தாப் பெருசு. சனிக்கெழம இருந்த பூவு ஞாயித்துக்கெழம கண்ணுக்குத் தெரியாமயா போயிரும்? பாத்துட்டேதான் தோண்டியிருக்கறா." அவர் அத்தாயியின் பக்கம் படத்தைத் திருப்பிக் காட்டினார். "பூ இல்லேன்னயே, இது என்ன?"

அத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையும் உதவி ஆய்வாளர் எழுதினார்.

உண்மையின் ஒரு பாதியைக் கொடுத்தால் மறுபாதி தானே விளங்கிவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். இத்தனை காலம் பாடுபட்டுப் படித்ததில் இதையாவது கற்றிருக்க வேண்டும். என் படம் அவளைக் காப்பாற்றவில்லை. அவளைச் சுற்றி இருந்த கடைசி இடைவெளியையும் அடைத்துவிட்டது.

"மேடம்" என்றேன். "ஞாயித்துக்கெழம பூ இல்லீங்க."

"அதெப்படிங்க? மாடு தின்னுருச்சா?"

"நாந்தானுங்க அறுத்துப்போட்டேன்."

பெண் காவலர் செல்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எதுக்கு?"



"வேற ஆரும் அதப் படம் புடிக்கக் கூடாதுன்னுங்க."

உதவி ஆய்வாளர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அண்ணா, நெசமாச் சொல்றீங்களா, இல்ல இவளப் பாத்துப் பாவம்னு சொல்றீங்களா?"

"நெசந்தானுங்க. எழுதியே தாரேன்."

"எழுதுனா ஆரு நம்புவா? கோர்ட்டுல மொதக் கேள்வியே, உங்களுக்கும் இவளுக்கும் என்ன பழக்கம்னுதான் வரும். பொண்டாட்டி புள்ளையோட இருக்கறவரு. கொஞ்சம் ரோசன பண்ணிச் சொல்லுங்க."

"ரோசன பண்ணித்தானுங்க வந்தேன்."

அவர் கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி, தம் பேனாவோடு என்னிடம் நீட்டினார். "எழுதுங்க. இன்ஸ்பெக்டர் என்ன சொல்றாருன்னு பாப்போம். நான் ஒண்ணும் உறுதி சொல்ல மாட்டேன்."

கட்டிலின் கால்மாட்டில் இருந்த இரும்புப் பலகையின்மேல் தாளை வைத்து, தேதியை எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரையும் தந்தை பெயரையும் எழுதினேன். அடுத்த சொல்லுக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அத்தாயி பேசினாள். அழுகையோ கோபமோ அக்குரலில் இல்லை.

"எத்தினி பூவு சார்?"

"ஏழுங்க."

"கீழ நின்னு பாத்தாத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

அவள் தலையசைத்தாள். "அவரு வேணாம்னுதான் சொன்னாரு. மழையில போவாதடின்னாரு. நான்தான் போனேன்."

"போட்டோவ எடுத்துருங்கண்ணா, அப்பறம் எழுதலாம்" என்றார் உதவி ஆய்வாளர்.

நான் கேமராவை எடுத்தேன். படம் என்றதும் அத்தாயி, படத்திற்கு உட்காரும் எல்லாப் பெண்களையும் போல, முதுகை நிமிர்த்தினாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அம்முடி அவள் கையோடு வந்துவிட்டது. அவள் மீண்டும் ஒதுக்கினாள்; மீண்டும் ஒரு கொத்து வந்தது. வேரோடு, வலியில்லாமல், நீரில் ஊறிய மண்ணிலிருந்து புல் வருவதைப் போல வந்தது. அந்த நஞ்சு உயிரைக் கொல்லாமல் விட்டால், பதினைந்து நாட்களுக்குள் தலைமுடியை எடுத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததாகப் பெண் காவலர் மெல்லிய குரலில் கூறினார். அத்தாயி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் அம்முடியைச் சுட்டுவிரலைச் சுற்றிச் சுருட்டினாள். நுனியை உள்ளே செருகி முடிச்சுப் போட்டாள். தலை வாரியபின் கீழே விழுந்த முடியைச் செருகி வைப்பதற்கு வீட்டுச் சுவரில் எப்போதும் ஓர் இடுக்கு இருக்கும் அல்லவா, அப்படியோர் இடுக்கைத் தேடிப் பக்கத்துச் சுவரைக் கையால் தடவினாள். அது வழவழப்பான வெள்ளை ஓடு பதித்த சுவர். அவள் கை அதன்மேல் மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருந்தது.